ஓடித் தேய்ந்த பழைய பிரிட்டிஷ் பைக்கை விற்பது எப்படி?

பிரிட்டனில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. தூசி படாத பளபளப்புக்குப் பணம் கொடுக்கிறவர் ஒரு ரகம். ஐம்பது அறுபது வருஷம் ரோட்டில் உழைத்த வண்டியை அதன் கீறலோடும் எண்ணெய்க் கறையோடும் வாங்கி, தானும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் இன்னொரு ரகம். உங்களிடம் இருப்பது நன்றாக ஓடித் தேய்ந்த ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் என்று ஏதாவது ஒன்றானால், முதல் ஆளை மறந்துவிடுங்கள். அவருக்காகப் பெயிண்ட் அடித்து, குரோம் பூசி, சீட்டு மாற்றிச் செலவழிக்கும் பணம் விலையில் முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம். இரண்டாவது ஆள் கேட்பதே வேறு. இது உண்மையில் என்ன வண்டி, இத்தனை நாள் யாரிடம் இருந்தது, எங்கே என்ன கோளாறு? இந்த மூன்றுக்கும் நேரான பதில் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதல் முறையாக விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பாவோ மாமனாரோ விட்டுப்போன வண்டியின் மேல் கிடக்கும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களும் இதில் சேர்த்திதான்.

முதலில் காகிதம்

துணியையும் பாலிஷையும் அப்புறம் எடுக்கலாம். முதல் வேலை காகிதங்களைத் தேடுவது. முக்கியமானது வி5சி என்ற பதிவுச் சான்று. பேச்சில் எல்லாரும் லாக்புக் என்றுதான் சொல்வார்கள். ஸ்வான்சியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ இதைத் தருகிறது. இது வண்டிக்கு யார் பொறுப்பாளர் என்று மட்டும்தான் சொல்லும், யார் சொந்தக்காரர் என்று சொல்லாது. சான்றிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் வாங்கியபோது கிடைத்த ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

லாக்புக் தொலைந்திருந்தால் வி62 படிவம் போட்டு மாற்றுப் பிரதி வாங்க வேண்டும். கட்டணம் 25 பவுண்டு. லாக்புக் இல்லாமலே விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விற்கலாம்தான், ஆனால் விலை விழும், வருகிற ஆட்களின் தரமும் விழும். காத்திருந்து வாங்கிவிடுவதே மேல்.

இன்னும் சிக்கலான நிலை ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன்பே ஓடுவதை நிறுத்தி மூலையில் போட்ட வண்டிகள் பலவற்றின் பதிவு, 1983-க்குள் டிவிஎல்ஏவின் கணினிக்கு மாற்றப்படாமலே போய்விட்டது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய மடிப்பு லாக்புக் கையில் இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஒரு கிளப்பின் பரிந்துரையோடு வி765 திட்டத்தில் விண்ணப்பித்து அதன் அசல் நம்பரைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அசல் நம்பரோடு இருக்கும் வண்டிக்கு மதிப்பு கூடுதல். கிழிந்த பச்சை அட்டையையோ பழுப்பு அட்டையையோ குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்பதற்கு முன் அந்த வேலையை நீங்களே முடிப்பதா, காகிதத்தோடு சேர்த்து வாங்குபவரிடம் விட்டுவிடுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

வண்டி இறந்துபோன ஒருவர் பேரில் இருந்தால், விற்கும் உரிமை அவருடைய சொத்தை நிர்வகிப்பவருக்குத்தான். அண்ணன் தம்பிகளுக்குள் பேசி முடிக்காமல் விளம்பரம் கொடுத்துவிட்டு, ஆள் பணத்தோடு வந்து நிற்கும்போது வாசலில் சண்டை போடுவதைப் பார்ப்பவருக்கு வேடிக்கை, விற்பவருக்கு நஷ்டம்.

அப்புறம் பழைய எம்ஓடி (வருஷாந்திர வாகனத் தகுதிச் சோதனை) சான்றுகள், ஸ்பேர் பார்ட்ஸ் பில்கள், மெக்கானிக்கின் கையெழுத்துக் குறிப்புகள், பழைய போட்டோக்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். வண்டி ஓடிய தூரத்துக்கு உண்மையான சாட்சி எம்ஓடி சான்றுகள்தான். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர்கள் பழுதாகி மாற்றப்படுவது சகஜம். மீட்டரில் இருக்கும் எண்ணை நம்பி ‘இவ்வளவு மைல்தான் ஓடியது’ என்று எழுதிவிடாதீர்கள், ‘மீட்டர் இவ்வளவு காட்டுகிறது’ என்று எழுதுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிரிவில் சாலை வரி கிடையாது. ஆனால் வரி பூஜ்யம் என்றாலும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும், தானாக வந்துவிடாது. 2018 மே 20 முதல், நாற்பது வயது தாண்டி, கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கு எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் விற்பதற்கு முன் ஒரு எம்ஓடி போட்டுவிடச் சொல்வேன். மோட்டார் சைக்கிளுக்கு முப்பது பவுண்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் பிரேக்கையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் பார்த்துச் சொன்னது என்ற பேச்சுக்கு, அந்தக் காசைப் போலப் பல மடங்கு மதிப்பு. தோற்றுப்போனாலும் நல்லதே. விளம்பரத்தில் எழுத வேண்டிய குறைகளின் பட்டியல் கையில் கிடைத்துவிடும்.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி?

இந்தக் கேள்வியில்தான் பணம் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது. டேங்கில் இருக்கும் பேட்ஜை நம்பாதீர்கள். எஞ்சின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் நீங்களே பார்த்து எழுதுங்கள். ட்ரையம்ப் ட்வின்களில், அதாவது இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில், எஞ்சின் நம்பர் இடது பக்கம், சிலிண்டருக்குச் சற்றுக் கீழே கிராங்க்கேஸில் இருக்கும். ஃபிரேம் நம்பர் அதே இடது பக்கம், ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் தலைப் பகுதியில். அழுக்கை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வேண்டாம். நம்பர் அடித்த இடம் தேய்த்தது போலத் தெரிந்தாலே வாங்க வந்தவர் பின்வாங்கிவிடுவார்.

ஏன் அப்படி என்று ஒரு முறை கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். 1969 வாக்கிலிருந்து ட்ரையம்ப் தொழிற்சாலை நம்பர் அடிக்கும் இடத்தில் தன் பெயரையே பொடிப்பொடியாக, மேலெழும்பி நிற்கும் எழுத்துகளாக வரிசை வரிசையாக வார்த்து, அதன் மேல் நம்பரை அடித்தது. யாராவது பழைய நம்பரை அராவி எடுத்துவிட்டுப் புதியது அடித்தால் அந்தப் பொடி எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். விவரமானவர் டார்ச்சை சாய்த்துப் பிடித்து முதலில் பார்ப்பது அதைத்தான். அதே காலத்து ட்ரையம்ப், பிஎஸ்ஏ நம்பர்களின் முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து மாடல் ஆண்டு. ‘இ’ என்ற ஆங்கில எழுத்து மே மாதம், ‘டி’ 1970. ஆக ‘இடி’ என்று தொடங்கினால் 1970 மாடல், மே மாதம் செய்தது.

இரண்டு நம்பரும் ஒத்துப்போனால் மேட்சிங் நம்பர்ஸ் என்பார்கள், அதற்குத் தனி விலை. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவுகோல் செல்லாது. 1950-களின் பிஎஸ்ஏவில் எஞ்சின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் தொழிற்சாலையிலேயே வேறு வேறாகத்தான் அடிக்கப்பட்டன. அவை இரண்டும் ஒன்றாக வெளியே போனவையா என்பது கம்பெனியின் டெஸ்பாட்ச் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கிளப்புகள் இருக்கின்றன. 1946-இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பல கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் உள்ளன. கட்டணம் கட்டினால் வண்டியின் வயதுச் சான்று தருவார்கள். ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் சொந்தக்காரர்களின் கிளப்புகளிலும் ஒவ்வொரு மாடலையும் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் வாயாடிகள், ஆனால் கேட்டால் மறுக்காமல் சொல்வார்கள்.

விசாரித்ததில் விஷயம் பாதகமாகவும் வரலாம். பிஎஸ்ஏவின் சாதாரண பி31 அல்லது பி33 வண்டியை அதன் விலையுயர்ந்த மாடலான கோல்டு ஸ்டார் போல மாற்றியவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம். ஒற்றை கார்புரேட்டர் ட்ரையம்புக்கு இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி போனவில் பேட்ஜ் ஒட்டியவர்களும் உண்டு. உங்கள் வண்டி அப்படிப்பட்டது என்றால் அப்படியே சொல்லி விற்றுவிடுங்கள். நார்ட்டன் ஃபெதர்பெட் ஃபிரேமில் ட்ரையம்ப் எஞ்சின் வைத்த ட்ரைட்டன் போன்றவற்றுக்கும் சந்தை இருக்கிறது. ஆனால் லாக்புக்கில் இருக்கும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரத்துக்கு முன்னாலேயே டிவிஎல்ஏவுக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஓடித் தேய்ந்த வண்டியில் ஒரே ஒரு விஷயத்துக்குச் செலவு செய்யலாம்: ஓடுவது. ஓடும் வண்டிக்கும் ‘கடைசியாகப் போட்டபோது ஓடியது’ என்று சொல்லப்படும் வண்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. பின்னதைக் கேட்கும் எவரும் எஞ்சினுக்குள் மிக மோசமானதைத்தான் கற்பனை செய்து விலை சொல்வார்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்து எடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஃபைபர்கிளாஸ் டேங்குக்கும் அது ஆகாது. சூப்பர் கிரேடு இ5 ஊற்றுங்கள். அமால் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் படிந்திருக்கும் பிசினைச் சுத்தம் செய்வது அதிகம் போனால் ஒரு மதிய வேலை. புது பேட்டரி மாட்டும்போது மட்டும் கவனம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பாசிட்டிவ் முனைதான் ஃபிரேமோடு சேர்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால், ரெக்டிஃபையர் போய்விடும். ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்ற வேண்டியதைக் கழற்றப் பெரும்பாலும் விட்வொர்த் ஸ்பேனர்கள் தேவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நெம்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டுகளைப் பார்த்தே வண்டியை யார் கையாண்டிருக்கிறார்கள் என்று வாங்குபவர் கணக்குப் போட்டுவிடுவார்.

டயர் வெடித்திருந்தால், பிரேக் கேபிள் பிரிந்திருந்தால் மாற்றுங்கள். அதோடு நிறுத்துங்கள். டேங்கின் பெயிண்ட் அசலானது என்றால், எவ்வளவு மங்கியிருந்தாலும் கை வைக்காதீர்கள். கழுவும்போது பிரஷர் வாஷர் வேண்டாம். பேரிங்கிலும், தீப்பொறி தரும் மேக்னெட்டோவிலும் தண்ணீர் இறங்கிவிடும். மண்ணெண்ணெய், பிரஷ், பழைய துணி, பிறகு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. இந்த நிலையில் இருக்கும் வண்டியை இங்கே ஆயிலி ராக், அதாவது எண்ணெய்த் துணி, என்றே சொல்வார்கள். அதை மட்டுமே தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு யாரோ கழற்றிவைத்த அசல் சைலன்சர், மட்கார்டு, ஹேண்டில்பார் எதுவும் கராஜ் மூலையில் கிடந்தால் துரு ஏறியிருந்தாலும் பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள்.

விலை வைப்பது

விளம்பரங்களில் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும். ஏலக் கம்பெனிகள் முடிந்த ஏலத்தின் விலைகளை வெளியிடுகின்றன. இணைய ஏலத் தளங்களிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அதே மாடல், ஏறக்குறைய அதே ஆண்டு, அதே மாதிரித் தேய்ந்த நிலை, ஓடுமா ஓடாதா, காகிதம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஏலத்தில் வாங்குபவர், ஏலம் முடிந்த சுத்தியல் விலைக்கு மேல் கமிஷனும் கட்டுவார், விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். எந்தத் தொகையைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்து பாருங்கள்.

பிரிட்டிஷ் என்ற ஒரே காரணத்துக்காக வண்டி சொத்தாகிவிடாது. பிரஃப் சுப்பீரியர், வின்சென்ட், அசல் கோல்டு ஸ்டார் எல்லாம் ஒரு உலகம். பிஎஸ்ஏ பான்டம் இன்னொரு உலகம், அது லட்சக்கணக்கில் தெருவெல்லாம் ஓடிய எளிய வண்டி. நடுவில் ட்ரையம்ப், நார்ட்டன் கமாண்டோ, பிஎஸ்ஏ ட்வின், மேட்ச்லெஸ், வெலோசெட், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய கூட்டம். இளமையில் இவற்றின் மேல் ஆசைப்பட்ட தலைமுறைக்கு வயதாகிவிட்டது, வாங்குவதை விட விற்கிறவர்களாக அவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷம் முன்பு பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வண்டியும் உங்களோடேயே உட்கார்ந்திருக்கும்.

உங்கள் மனதில் இரண்டு எண்கள் இருக்கட்டும், கேட்கும் விலையும் அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்ற விலையும். இரண்டாவதை யாரிடமும் சொல்லாதீர்கள், கிளப்பில் நட்பாகக் கேட்பவரிடமும்கூட. ஓட்டும் பருவம் தொடங்கும் வசந்த காலத்தில் கேட்பவர்கள் அதிகம். நவம்பரில் வருகிறவர் பெரும்பாலும் குளிர்காலம் முழுவதும் கழற்றி மாட்ட ஒரு வண்டி தேடுகிறவர், அவர் கணக்கு வேறு.

படமும் வாசகமும்

பகல் வெளிச்சத்தில், வண்டியை வெளியே நிறுத்தி எடுங்கள். வெயில் நேராக அடிக்காத மந்தமான பொழுது நல்லது. இரண்டு பக்கமும் முழு உருவம், முன், பின், பிறகு கிட்ட: எஞ்சினின் இரு பக்கமும், கார்புரேட்டர், டேங்கின் உட்புறம், ஸ்பீடோமீட்டர், டயர், சங்கிலி. குறைகளையும் அதே அக்கறையோடு எடுங்கள். ஒழுகும் இடம், கிழிந்த சீட்டு, துரு கொப்பளித்த மட்கார்டு எல்லாமே. எஞ்சின் நம்பரைக் கேட்பவருக்குத் தனியாக அனுப்பலாம். லாக்புக்கைப் படம் எடுத்துப் போட வேண்டவே வேண்டாம். அதன் விவரங்களை வைத்துத் திருட்டு வண்டிக்கு அடையாளம் மாட்டுகிறவர்கள் உண்டு. பின்னணியில் வீட்டு எண்ணும் கராஜ் பூட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகத்தில் அபூர்வமானது, அரியது, ஒருமுறை கிளப்பினால் விடமாட்டீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

‘1967 ட்ரையம்ப் போனவில் டி120. பதினெட்டு வருஷமாக என்னிடம். எஞ்சினும் ஃபிரேமும் ஒரே நம்பர். குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று கிக்கில் கிளம்பும். ராக்கர் மூடியிலும் பிரைமரி மூடியின் அடியிலும் எண்ணெய் கசியும். இரண்டாவது கியர் சில சமயம் வழுக்கும். டேங்க் பெயிண்ட் அசல் இல்லை, எண்பதுகளில் அடித்தது. ஹெட்லைட் மங்கல். நான் வாங்கியதிலிருந்து பில்கள் எல்லாம் இருக்கின்றன. போன வாரம் எம்ஓடி தேறியது.’

இரண்டாவது கியரைப் பற்றி எழுதினால் ஆள் வரமாட்டாரே என்று தோன்றும். வராமல் போகிறவர் எப்படியும் வாங்கப்போவதில்லை. வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டே கிளம்பி வருகிறார், வாசலில் நின்று அதைக் காட்டி விலையைக் குறைக்க முடியாது. இதில் சட்டமும் இருக்கிறது. தனிநபர் விற்பனையில் ‘பார்த்தபடி விற்கப்பட்டது’ என்று எழுதிக்கொடுத்தாலும், நீங்கள் சொன்ன விவரம் பொய்யென்று தெரிந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. ரோட்டில் ஓட்டத் தகுதியில்லாத வண்டியை ஓட்டலாம் என்று விற்பது 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமும்கூட. பிரேக் பிடிக்காது என்றால், வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று விளம்பரத்திலும் ரசீதிலும் எழுதுங்கள்.

எங்கே விற்பது

என் முதல் தேர்வு அந்தந்த வண்டிக்கான கிளப்பின் பத்திரிகையும் உறுப்பினர் விளம்பரமும். படிப்பவருக்கு வண்டி என்னவென்று தெரியும், அசட்டுக் கேள்விகள் குறைவு. அடுத்தது பழைய பைக்குகளுக்கான பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள், இணைய விளம்பரத் தளங்கள். பொதுத் தளங்களில் கூட்டம் அதிகம், வெட்டிப் பேச்சும் அதிகம்.

ஏலம் எல்லா வண்டிக்கும் ஏற்றதல்ல. விலை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாத அரிய வண்டிக்கு, அல்லது இறந்தவர் சொத்தைப் பலர் பங்கு போட வேண்டியிருக்கும்போது அது நல்ல வழி. விலை எல்லார் கண்முன்னாலும் முடிவாகிறது, பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற விலை), விற்பவர் கமிஷன், அதன் மேல் வாட் வரி, விற்காமல் போனால் கட்டணம் உண்டா, வண்டியை ஏற்றி இறக்கும் செலவு யாருடையது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

வியாபாரியிடம் கொடுத்தால் விலை குறையும், தலைவலியும் குறையும். அவசரம் என்றால் தப்பே இல்லை. கடையில் நிறுத்தி விற்றுத்தருகிறேன் என்று சொன்னால் மட்டும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, பணம் வரும்வரை லாக்புக்கை உங்களிடமே வைத்திருங்கள். ஸ்டாஃபோர்டில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும் பெரிய பழைய பைக் கண்காட்சி போன்ற இடங்களுக்கு ஒரு முறை போய்வாருங்கள். விற்காவிட்டாலும் உங்கள் வண்டியைப் போன்றது எந்த நிலையில் என்ன விலைக்கு நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

பார்க்க வரும் நாள்

வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். வருகிறவர் முதலில் செய்வது, பேசிக்கொண்டே சிலிண்டரில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத வண்டி என்று முடிவுகட்டிவிடுவார்.

ஆனால் முந்தின நாள் ஒரு வேலை செய்யலாம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கும். பல நாள் நின்றால் அது பம்பு வழியாக மெல்ல இறங்கி எஞ்சினின் அடியில் சேர்ந்துவிடும். வெட் சம்பிங் என்பார்கள், கமாண்டோக்காரர்களிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். அப்படியே கிளப்பினால் சைலன்சரிலிருந்து புகை மண்டும், சில சமயம் ஆயில் சீலைத் தாண்டி எண்ணெய் பீய்ச்சும். கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து வடித்து, எண்ணெய் டேங்கில் அளவைச் சரிபார்த்து வையுங்கள். வடித்தேன் என்று வருகிறவரிடமும் சொல்லுங்கள்.

கிளப்பிக் காட்டும்போது நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்து, அமாலின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை விரல் நனையும்வரை அழுத்துங்கள். கிளட்சைப் பிடித்தபடி சும்மா இரண்டு முறை கிக்கரை மிதித்தால் ஒட்டியிருக்கும் தட்டுகள் விடுபடும். பிறகு இக்னிஷன். கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தைக் காலால் உணர்ந்து, அதைச் சற்றுத் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு எடையோடு ஒரே மிதி. கிளம்பியதும் எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து, திரும்பி வரும் எண்ணெய் உள்ளே விட்டுவிட்டுப் பீய்ச்சுவதைக் காட்டுங்கள். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு நீங்கள் சொல்லும் நூறு வார்த்தைக்கு அந்த ஒரு காட்சி சமம். மேக்னெட்டோ உள்ள வண்டியென்றால் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பியும் காட்டுங்கள். தேய்ந்த மேக்னெட்டோ சூட்டில்தான் மக்கர் செய்யும் என்று வருகிறவருக்குத் தெரியும்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பார். மூன்று விஷயம் இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள்: அந்த வண்டியை ஓட்டும் உரிமம், அவர் ஓட்டுவதைக் காக்கும் இன்சூரன்ஸ், முழு விலையும் ரொக்கமாக உங்கள் கையில். அவர் வந்த கார் வாசலில் நிற்கிறதே என்று சமாதானப்பட வேண்டாம், அது யாருடைய காரோ. இன்னொன்று, எழுபதுகளின் நடுப்பகுதி வரை இந்த வண்டிகளில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் சிலதில் மேலே, சிலதில் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். ஒதுக்குப்புறமான இடத்தில் நின்றபடியே பழகச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், அவர் ஒலியைக் கேட்கட்டும்.

பணம், ரசீது, டிவிஎல்ஏ

பணம் வங்கிப் பரிமாற்றமாக வரட்டும். அவர் தன் போனில் காட்டும் திரையை நம்ப வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியில் பணம் ஏறியதை நீங்கள் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும். வங்கி டிராஃப்டிலும் போலி உண்டு. வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதித்து, ‘என் ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுத்துக்கொள்வார், அவருக்கும் சேர்த்து அனுப்புகிறேன், மீதியை அவரிடம் கொடுங்கள்’ என்று எழுதுகிறவருக்குப் பதிலே போடாதீர்கள்.

ரசீது இரண்டு பிரதி. தேதி, நேரம், பதிவெண், எஞ்சின் நம்பர், ஃபிரேம் நம்பர், மீட்டர் காட்டும் மைல், விலை, இருவர் பெயரும் முகவரியும், நீங்கள் சொன்ன குறைகள், பார்த்தபடி விற்கப்பட்டது என்ற வரி, இருவர் கையெழுத்து. நேரம் எதற்கு என்றால், அன்று மாலையே அவர் வேகக் கேமராவில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

லாக்புக்கில் பச்சை நிறப் பகுதியைக் கிழித்து வாங்கியவரிடம் கொடுங்கள், அதுதான் புதிய பொறுப்பாளருக்கானது. மீதியைக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் 11 இலக்கக் குறிப்பு எண்ணை வைத்து டிவிஎல்ஏவின் இணையதளத்தில் அவர் எதிரிலேயே விற்றதைப் பதிந்துவிடுங்கள். நான் பதிந்துகொள்கிறேன் என்று அவர் சொன்னாலும் அந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். வெளிநாட்டுக்காரர் வாங்கினால் ஏற்றுமதி என்று தனியாகத் தெரிவிக்க வேண்டும், பச்சைப் பகுதி அதற்கு அல்ல.

2014 அக்டோபரிலிருந்து சாலை வரி வண்டியோடு கைமாறுவதில்லை. உங்கள் பெயரில் பூஜ்ய வரி இருந்தாலும் விற்ற கணமே அது முடிந்துவிடும். ஓட்டிக்கொண்டே போகிறேன் என்று ஹெல்மெட்டோடு வந்தவர், கிளம்புவதற்கு முன் பச்சைப் பகுதியில் இருக்கும் எண்ணை வைத்துத் தன் பெயரில் வரியைப் பதிய வேண்டும், இன்சூரன்ஸும் எடுத்திருக்க வேண்டும். இரண்டும் போனிலேயே முடிகிற வேலை. அவர் போன பிறகு உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிப் பாலிசியை நிறுத்துங்கள், மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்றும் கேளுங்கள். கராஜில் இன்னும் ஸ்பேர் பார்ட்ஸ் மிச்சம் இருந்தால் வாங்கியவருக்கு ஒரு போன் போடுங்கள், அவர் வேண்டாம் என்றால் ஆட்டோஜம்பிள் என்ற பழைய பாகச் சந்தையில் துரு பிடித்த கார்புரேட்டருக்கும் ஆள் இருக்கும்.